ஒத்தக் கம்மல்

கடைசி பாஸ் போன் செய்தபோது நான் ஒரு பெரியவரின் காதைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

அதுதான் என் வேலை. சத்தம் நுழையாத சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைப்பேன். ஹெட்போனை மாட்டுவேன். சிவப்புப் பக்கம் வலது காதுக்கு, நீலப் பக்கம் இடது காதுக்கு. கையில் ஒரு பட்டனைக் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவேன். கேட்டால் அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

அந்தப் பெரியவர் நான் எதுவும் அனுப்பாதபோதும் அழுத்திக்கொண்டிருந்தார்.

"ஐயா, சத்தம் கேட்டா மட்டும் அழுத்துங்க."

"கேட்டுச்சே தம்பி."

"நான் இன்னும் அனுப்பவே இல்லையே."

"நீங்க அனுப்பலைன்னா அதுக்கு நானா பொறுப்பு?"

வெளியே உட்கார்ந்திருந்த அவர் மனைவி, "வீட்டுலயும் இப்படித்தான். கூப்பிட்டா கேக்காது. கூப்பிடாதப்ப 'என்ன'ன்னு வந்து நிப்பாரு" என்றார்.

சிரிக்க வேண்டிய இடம். சிரித்தேன்.

அவர்கள் போன பிறகு, தவறிய அழைப்பைப் பார்த்துத் திரும்பக் கூப்பிட்டேன்.

"தம்பி, நான் கடைசி பாஸ் பேசறேன்" என்றது நடுத்தர வயதுப் பெண் குரல்.

எனக்குப் புரிய சற்று நேரமானது. வீடியோ கேமில் எல்லாக் கட்டங்களையும் தாண்டியபின் வழிமறித்து நிற்கும் பெரிய ராட்சசனைக் கடைசி பாஸ் என்பார்கள். பழைய கேம்களின் பாட்டுகளை எடுத்துத் தங்கள் இஷ்டத்துக்கு ரீமிக்ஸ் செய்து பகிர்ந்துகொள்ளும் ஒரு கூட்டம் இணையத்தில் இருக்கிறது. என் மனைவி அதில் இருந்தாள். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. இவளுக்கு அரைடிக்கெட் என்று பெயர். குள்ளம் என்பதால் அவள் அண்ணன் வைத்தது. கூட்டத்தை நடத்துகிறவர் கடைசி பாஸ். எவனோ மீசை முளைக்காத பையன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"நான் மருந்துக்கடை வச்சிருக்கேன். இப்பதான் கூட்டம் ஓஞ்சுது, அதான் கூப்பிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. வருஷா வருஷம் ஆளுக்கு ஒரு பாட்டு பண்ணி மொத்தமா ஒரு தொகுப்பு போடுவோம். அரைடிக்கெட் பேரை எடுக்க எனக்குக் கை வரல. ஒண்ணு பண்ணிட்டிருக்கேன்னு சொல்லிட்டே இருந்தா. இருந்தா அனுப்புங்க. இல்லேன்னா அவ இடத்துல சும்மா பேரு மட்டும் போட்டு வச்சிடறேன்."

"பேரு மட்டும் போடாதீங்க" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியாது. சமாதிக் கல்லில் எழுதுவது போல இருந்தது.

"அப்ப பாட்டு இருக்கா?"

"இருக்கு. அனுப்புறேன்."

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துட்டா போதும். அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது. மத்ததுங்க எல்லாம் என் உயிரை வாங்குதுங்க."

சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி அவளுடையது. லேப்டாப், கைக்குட்டை அகலத்தில் ஒரு கீபோர்டு, ஒரு மைக், ஹெட்போன். நான் எதையும் நகர்த்தவில்லை. மறு பாதியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஆளுக்கு அது போதும்.

அவள் டைல்ஸ் கடையில் கணக்குப் பார்த்தாள். வேலை முடிந்து வந்ததும் முகத்தைக் கழுவிவிட்டு இங்கே உட்காருவாள். ஒரே ஒரு 'டொக்' சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போடுவாள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே கேட்கும்.

"எனக்குச் சத்தம்தான் தெரியும். பாட்டு தெரியாது" என்பேன்.

"சத்தமாவது தெரியுதே. பாதி வேலை முடிஞ்சுது" என்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, தலை வலிக்கிறது என்றாள். மதியம் அவள் இல்லை. மூளையில் ஒரு ரத்தக்குழாய் பிறவியிலேயே மெலிந்திருந்ததாம். யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்றார்கள். அதை ஆறுதலாகத்தான் சொன்னார்கள்.

கடைசி பாஸ் கூப்பிட்ட அன்று மாலை அவள் லேப்டாப்பைத் திறந்தேன். கடைசியாக அவள் சேமித்திருந்த வேலைக்குப் பெயர் 'ஒத்தக் கம்மல்'. அவள் எப்போதும் ஒரு காதுக் கம்மலைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவள். ஆச்சரியமாக இல்லை.

உள்ளே ட்ராக்குகள் வரிசையாக, கலர் கலராக இருந்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு ட்ராக், ஒவ்வொன்றுக்கும் அவள் வைத்த பெயர். 'தவளை'. 'டும்டும்'. 'வாஷிங் மெஷின்' என்பது எங்கள் வாஷிங் மெஷினேதான். துணி பிழியும்போது பதிவு செய்திருக்கிறாள். 'மாமியார் - குறைச்சு வை' என்று ஒன்று. என் அம்மாவுக்கு இது தெரியாது. கடைசியில் 'கத்துறவன்'. அதில் ஒன்றும் இல்லை. காலி.

பாட்டைப் போட்டேன். சின்ன வயதில் அவளும் அவள் அண்ணனும் விளையாடிய படகு கேமின் பாட்டு. அவளே சொல்லியிருக்கிறாள். ஆற்றில் ஒரு படகு போகும். பாறையில் மோதாமல் ஓட்ட வேண்டும். கீழ்க்குரலில் ஒரு நடை வந்தது. கொஞ்சம் நடந்தது, நின்றது. இடைவெளி. மறுபடி நடந்தது, நின்றது. இடைவெளி. நடுவில் ஒரு முறை சரிந்து மறுபடி தொடங்கியதைத் தவிர, முடியும் வரை அப்படியே.

இணையத்தில் அந்தக் கேமின் அசல் பாட்டைத் தேடி எடுத்தேன். அதே நடை. ஆனால் அது நிற்கும் இடங்களில் எல்லாம் ஒரு புல்லாங்குழல் போன்ற சத்தம் பாடியது. அழகான மெட்டு. அதுதான் பாட்டு, மற்றதெல்லாம் பக்கவாத்தியம்.

ஆக, எல்லாவற்றையும் முடித்துவிட்டு முக்கியமானதை மட்டும் கடைசிக்கு வைத்திருக்கிறாள். நான் போட வேண்டியது அது ஒன்றுதான்.

அந்த வாரம் மாலைகளில் அதைச் செய்தேன். முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். எங்கள் மையத்தில் முதல் சோதனையை அழிக்கக் கூடாது, அந்தப் பழக்கம். நகலில் காலியாக இருந்த 'கத்துறவனை' நீக்கினேன். புதிதாக ஒரு ட்ராக் போட்டு, அசலைக் கேட்டு ஒவ்வொரு சுரமாக ஒரு விரலால் தட்டினேன். முதல் நாள் குக்கர் விசில் போல வந்தது. அடுத்த நாள் அடுப்பை அணைத்த பிறகு வரும் விசில் போல வந்தது. வெள்ளிக்கிழமை எல்லா இடைவெளியும் நிரம்பிவிட்டது. முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். சரியாக இருந்தது. வேறு ஒன்றும் தோன்றவில்லை. சரியாக இருந்தால் போதும்.

சனிக்கிழமைகளில் மச்சான் வருவார். அவளுடைய அண்ணன். லிப்ட் மெக்கானிக். அவள் போனதிலிருந்து, வேலை முடிந்ததும் பையோடு நேரே இங்கே வந்து எதையாவது பழுது பார்ப்பார். வீட்டில் பழுதான பொருள் தீர்ந்து வெகு நாளாகிறது. இப்போது இறுகியிருக்கும் திருகாணிகளையே இறுக்குகிறார்.

"மாப்ள, பாத்ரூம் கதவு சரியா சாத்துதா?"

"சாத்துது மச்சான். போன வாரம்தான பண்ணீங்க."

"எதுக்கும் ஒரு தடவை பாத்துடறேன்."

"அப்புறம் பாக்கலாம். இப்படி உக்காருங்க. அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை கேக்கணும்."

அவர் கையில் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தார். மேசையின் அந்தப் பாதியில் உட்காருவதற்கு முன் நாற்காலியைத் துடைத்தார். தூசி இல்லை. ஹெட்போனை மாட்டிவிட்டுப் பாட்டைப் போட்டேன்.

முதல் நடை வந்ததுமே அவர் கால் தாளம் போட ஆரம்பித்தது. முகம் மலர்ந்தது. 'ஐயோ' என்று என்னைப் பார்த்தார். பிறகு என் புல்லாங்குழல் வந்தது.

கால் நின்றது.

"என்ன மாப்ள இது?"

"உங்க படகு கேம் பாட்டு. அவ பண்ணது. மீதியை நான் முடிச்சேன்."

"படகுன்னு தெரியுது. நடுவுல யாரு விசிலடிக்கிறான்?"

"அதுதான் மச்சான் மெயின் பாட்டே."

"யாரு சொன்னா?"

"ஒரிஜினல்லயே அப்படித்தான் இருக்கு."

"அப்ப எங்க வீட்டுல இருந்தது டூப்ளிகேட்டா? எங்கப்பா ஏமாந்துட்டாரா?"

அசலைப் போட்டேன். அவர் ஏதோ தன்மேல் பழி போட்டது போலக் கேட்டார். தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. இல்லேங்கல. ஆனா இது எங்க பாட்டு இல்ல."

"இதுதான் மச்சான்."

"மாப்ள, லீவு பூரா அதுதான் எங்க வேலை. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எங்க கேம்ல எவனும் விசிலடிக்கல."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து செய்திருக்கிறேன். நாளைக்குள் அனுப்ப வேண்டும். கோபம் வந்ததை நானே கொஞ்சம் ஆச்சரியத்தோடு கவனித்தேன். வெகு நாளைக்குப் பிறகு ஏதோ ஒன்று வந்திருக்கிறது.

"சரி, அந்த விசில் எந்தக் காதுல கேக்குது?" என்றேன். வேலையிடத்துக் குரல் தானாக வந்துவிட்டது.

அவர் நோயாளி போலவே பணிவாக இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

நானும் அதைக் கவனித்திருந்தேன். அந்தக் காலத்துக் கேம்களில் ஒரு சத்தத்தை முழுக்க ஒரே பக்கம் தள்ளிவிடுவார்கள், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். நாள் முழுக்க இடது வலது பார்த்தே சம்பளம் வாங்குகிறவன்.

அவர் இடது காதிலிருந்து ஹெட்போனைத் தூக்கிப் பிடித்தேன்.

"இப்ப?"

அவர் வாய் திறந்தது. கால் ஆடியது.

"இதுதான்! இதேதான் மாப்ள! இப்ப எப்படிச் சரியா வந்துச்சு?"

"உங்க வீட்டு டிவியில ரெண்டு ஸ்பீக்கர் இருந்துச்சா?"

"ரெண்டு இருந்துச்சு. ஆனா..." என்றவர் நிறுத்தினார். ஸ்க்ரூடிரைவரை நெற்றியில் தட்டிக்கொண்டார். பிறகு சத்தம் வராமல் சிரிக்க ஆரம்பித்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"அந்த மெஷின்லேருந்து டிவிக்கு வயரு வரும் பாருங்க. மஞ்சள் படத்துக்கு. சிவப்பு, வெள்ளை ரெண்டும் சத்தத்துக்கு. வாங்கிட்டு வந்த அன்னிக்கே நான் வயர் தடுக்கி விழுந்தேன். வெள்ளைப் பின்னு டிவிக்குள்ளயே ஒடிஞ்சு நின்னுடுச்சு. அப்பா பாத்தா தோலை உரிச்சிடுவாரு. நான் அழ ஆரம்பிச்சிட்டேன். இவ, இத்துனூண்டு இருக்கா, டிவிக்குப் பின்னாடி போய்ப் பாத்துட்டு வந்து சொல்றா, 'அழாதடா, சத்தம் வருது. வெள்ளை ஸ்பேர்'னு."

"ஸ்பேரா?"

"ஸ்கூட்டருக்கு ஸ்டெப்னி மாதிரி! நாங்க ரெண்டு பேரும் அப்படித்தான் நம்புனோம். ஒடிஞ்ச முனையைச் செவத்துப் பக்கம் திருப்பி வச்சிட்டோம். கடைசி வரைக்கும் அப்பாவுக்குத் தெரியாது. சிவப்பு மட்டும் தனியா தொங்கிட்டிருக்கும். அதுக்கு அவ ஒரு பேரு கூட வச்சிருந்தா..." அப்போதுதான் அவர் திரையின் மேல்முனையைப் பார்த்தார். படித்தார். "பாத்தீங்களா. ஒத்தக் கம்மல்."

சிவப்பு வலது. அந்த வயரிலும் அப்படித்தான், என் ஹெட்போனிலும் அப்படித்தான். இடது பக்கம் இருந்த புல்லாங்குழல் அந்த வீட்டுக்குள் ஒரு நாளும் வரவே இல்லை.

ஆனால் பின்னாளில் அவளுக்குத் தெரிந்திருக்கும். கணக்குப் பார்க்கிறவள், அசலோடு ஒப்பிடாமல் வேலையைத் தொடங்கியிருக்க மாட்டாள். தெரிந்தேதான் விட்டிருக்கிறாள்.

"மச்சான், பாட்டு நடுவுல நடுவுல நிக்குதே. அங்க என்ன பண்ணுவீங்க? சும்மா இருப்பீங்களா?"

"அங்கதான கத்துவோம்!"

"என்னன்னு?"

அவர் தயங்கினார். லிப்ட் மெக்கானிக், தலையில் நரை விழுந்தவர், என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "விழப்போ...ற, விழப்போ...ற" என்று நீட்டிப் பாடினார்.

"கன்ட்ரோலர் ஒண்ணுதான். மோதிட்டா அடுத்தவங்க சான்ஸ். ஒருத்தர் விளையாடும்போது இன்னொருத்தர் பக்கத்துல உக்காந்து காதுல கத்தணும், கை நடுங்கற மாதிரி. முதல்ல 'சாகப்போற'ன்னுதான் கத்துனோம். அம்மா கரண்டியோட வந்துட்டாங்க, வீட்டுல அந்த வார்த்தையைச் சொல்லாதீங்கன்னு. அப்புறம்தான் விழப்போறன்னு மாத்துனோம்."

நான் முதல் கோப்பைத் திறந்தேன். அவள் விட்டது போலவே இருந்தது. கடைசி வரிசையில் அந்தக் காலி ட்ராக்கைக் காட்டினேன்.

"கத்துறவன்" என்று வாய்விட்டுப் படித்தார். "மரியாதையைப் பாத்தீங்களா."

ஸ்க்ரூடிரைவரின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வாடான்னா மாப்ள. தொண்டையைச் சரி பண்ணிட்டு வான்னா. எதுக்குடீன்னேன். வந்தா தெரியும்னா. அன்னிக்கு ஒரு லிப்ட் பாதியில நின்னுடுச்சு, உள்ள ஆளு. அடுத்த வாரம் வரேன்னேன்."

அடுத்த வாரம் எப்படி இருந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"இப்ப தொண்டை எப்படி இருக்கு?" என்றேன்.

"கேவலமாத்தான் இருக்கு."

"அப்பவும் அப்படித்தான இருந்துச்சு?"

"அவளைக் கேட்டா அப்படித்தான் சொல்லுவா."

என் புல்லாங்குழல் இருந்த நகலை அழித்தேன். வருத்தமாக இல்லை. குக்கர் விசில்தான்.

மைக்கை அவர் உயரத்துக்கு நிமிர்த்தினேன். அது அவள் உயரத்துக்குக் குனிந்திருந்தது. மச்சான் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பது போல நின்றார். முதல் முறை இடைவெளி வரும் முன்பே கத்திவிட்டார். அடுத்த முறை அது போன பிறகு கத்தினார்.

"லிப்ட் மாதிரி நெனச்சுக்குங்க மச்சான். கதவு தொறந்ததும் உள்ள போங்க, மூடறதுக்குள்ள முடிச்சிடுங்க."

"அப்படிச் சொல்லணும்" என்றார்.

அதன் பிறகு ஒன்றும் தவறவில்லை. நடை வந்து நிற்கும், இவர் "விழப்போ...ற" என்பார். சுரம் கொஞ்சம் விலகித்தான் இருந்தது. ஆனால் அந்த இழுப்பு அத்தனை கச்சிதமாக இடைவெளியில் போய் உட்கார்ந்தது. அவள் அளந்து வைத்திருக்கிறாள். ஒரு இடத்தில் 'தவளை' அவருக்குப் பதில் சொல்வது போலக் கத்தியது. நான் சிரித்துவிட்டேன். சிரிக்க வேண்டிய இடமா என்று யோசிக்கவில்லை. மைக்கில் விழுந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

பாட்டு பாதியில் ஒரு முறை சரிந்து, மறுபடி முதலிலிருந்து வருவது போலத் தொடங்கும். படகு மோதிய இடம் அது என்று இப்போது புரிந்தது. நடை வந்தது, நின்றது. நான் தலையசைத்தேன். மச்சான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த இடைவெளி. அப்போதும் இல்லை.

நிறுத்தலாமா என்று கையால் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரை இரண்டு கையாலும் குறுக்காகப் பிடித்திருந்தார். கட்டைவிரல் அதன் பிளாஸ்டிக் பிடியில் அழுந்தி அழுந்தி எழுந்தது. இடது, வலது, இடது. உடம்பு லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது, பாறைக்கு விலகுவது போல.

பாட்டு முடியும் வரை அப்படியே ஓட்டினார். முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டாவது பாதி நான் விளையாடறேன் மாப்ள. கத்தறது அவ சான்ஸ்" என்றார்.

பிறகு பாத்ரூம் கதவைப் பார்க்கப் போனார்.

பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். இரண்டாம் பாதியின் இடைவெளிகள் காலியாக இல்லை. டிக், டிக் என்று அவர் விரல் சத்தம் அதில் விழுந்திருந்தது. மிக மெல்லிய சத்தம். சோதனையில் நான் அதை அனுப்பியிருந்தால் பாதிப் பேர் பட்டனை அழுத்தியிருக்க மாட்டார்கள். அதைச் சுத்தம் செய்யவில்லை. 'மாமியாரை' மட்டும் இன்னும் கொஞ்சம் குறைத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அனுப்பினேன். மதியம் கடைசி பாஸ் கூப்பிட்டார்.

"தம்பி, கேட்டேன். யாரு அந்த ஆளு? சிரிச்சுச் சிரிச்சு கடையில மாத்திரையை மாத்தி எடுக்கப் பாத்தேன். ஆனா ஒரு சந்தேகம். ரெண்டாவது பாதியில அவரைக் காணோமே. அனுப்பும்போது ஏதாவது விட்டுப் போச்சா?"

"இல்லக்கா. அது அவ சான்ஸ்."

அந்தப் பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். "ஒரு நிமிஷம் இருங்க" என்று அவர்களிடம் சொன்னார். அந்த ஒரு நிமிஷம் எங்கள் இருவருக்கும் போதுமானதாக இருந்தது.

"சரி" என்றார். "அப்படியே போடறேன். பேரு?"

"அரைடிக்கெட். கத்துறவன்."

"உங்களுக்கு?"

"எனக்கு வேண்டாம். நான் வயர் மாட்டினவன்."

போனை வைத்துவிட்டு என் தட்டை எடுத்துக்கொண்டு போய் மேசையின் அவள் பக்கம் உட்கார்ந்தேன். பாட்டைப் போட்டேன். மச்சான் கத்தி முடித்தார். படகு மோதியது. மறுபடி நடை தொடங்கியது, நின்றது. என் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன். அடுத்தவர் சான்ஸில் நுழைந்தால் அந்த வீட்டில் பெரிய சண்டை வருமாம்.

காத்திருந்தேன். டிக், டிக் என்று மச்சான் ஓட்டிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தது. முதலிலிருந்து மறுபடி போட்டேன்.